பரஸ்தானப் பெட்டி

எங்கள் தெருவுக்குக் கடல் வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தது, அதனால் அதைப் பற்றி யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. நாமக்கல்லிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைப் பார்க்கப் பாதி நாள் போக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் வாரம் ஒரு முறை வரும் குழாய்த் தண்ணீரும், அது வராதபோது வரும் டேங்கர் லாரியும்தான். அப்படிப்பட்ட தெருவில் இத்தனை வீடுகளையும் விட்டுவிட்டு, ஊரைத் தாண்டி எங்குமே போகாத வசந்தாமணியின் வீட்டுக்கு அது வந்து சேர்ந்ததற்கு எதிர்வீட்டுச் சுலோச்சனாவின் அவசரம்தான் காரணம். சுலோச்சனாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

சுலோச்சனாவின் புருஷன் நல்லமுத்து முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வசந்தாமணியின் புருஷன் அர்த்தநாரி அதே லாரியில் மாத்து டிரைவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்குவார், பிறகு இவர் எழுந்து ஓட்ட அவர் படுப்பார், இப்படித் தூத்துக்குடி, விசாகப்பட்டினம், ஹால்தியா, காண்ட்லா என்று இந்தத் தேசத்தில் இருக்கிற துறைமுகம் அத்தனைக்கும் சரக்கு கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கினார்களே தவிர, கடலை ஒருநாளும் பார்த்ததில்லை. லாரியைத் துறைமுக மதிலுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள், சரக்கு போகும், மதிலுக்கு மேலே கப்பலின் புகைக்குழாய் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே பீடி குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். வந்ததும் நல்லமுத்து மனைவியிடம், "ஒரு நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போயி அந்தப் பக்கம் காட்டறேன் புள்ள" என்பார். இரண்டு பெண்களும் அந்த வருஷங்களையெல்லாம் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூடத்தில் படுத்து, ஒருத்தி பிரசவத்துக்கு இன்னொருத்தி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து கழித்தார்கள். லாரியோடு லைனுக்குப் போன மனுசன் வீடு வந்து சேரும்வரை வயிற்றில் இருக்கும் பயத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பிறகு அர்த்தநாரிக்கு வாதம் வந்தது. குளியலறையில் விழுந்தார், வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அதையெல்லாம்கூட வசந்தாமணி தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது அவருடைய தூக்கமின்மை. ஓடுகிற வண்டியில் தூங்கிப் பழகிய உடம்பு அது, நிற்கிற கட்டிலில் அதற்குக் கண் மூடவில்லை. டாக்டர்கள் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் இடக்கையால் கட்டிலின் இரும்புச் சட்டத்தை ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார், லாரி பின்னால் எடுக்கும்போது கிளீனர் தட்டுவானே அந்தத் தட்டல். பக்கத்தில் வசந்தாமணி உட்கார்ந்தே இருப்பாள். ஒன்பது வருஷமாக எங்கள் தெரு அந்தச் சத்தத்தோடுதான் தூங்கி எழுந்தது. அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை, கோயில் நோம்பிக்கும் போனதில்லை. ஊருக்குப் போகிற யாராவது அவள் வாசலில் நின்று "போயிட்டு வர்றனுங்க" என்றால், "நல்லபடியா போயிட்டு வாங்க, நான் இங்கதான இருக்கறேன்" என்பாள். ஒன்பது வருஷமும் அந்த ஒரே பதில்தான்.

இப்படி இருக்கும்போது சுலோச்சனாவின் மகள் சுகந்தி பெங்களூரிலிருந்து போன் செய்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கப்பலில் டிக்கெட் போட்டாச்சு, சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் இலங்கைக்குப் போய்த் திருகோணமலையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று சொன்னாள். அன்றிலிருந்து தெருவே புறப்பட ஆரம்பித்தது. பாஸ்போர்ட் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று சொல்லப்போக, சுலோச்சனா சிரித்துச் சிரித்து ஸ்டூடியோக்காரரை நோகடித்தாள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் நாங்கள் எல்லோரும் சூழ்ந்து நின்று அவளுடைய நல்ல குணங்களைச் சொல்லத் தொடங்கி, அவர் போதும் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். கப்பலில் ஒரு நாள் எல்லோரும் கோட்டுப் போட்டுச் சாப்பிடுவார்கள் என்று தெரியவந்ததும் நல்லமுத்துவுக்கு மருமகனின் ரிசப்ஷன் கோட்டு வந்தது. அது தொந்தியை மூடவில்லை. நீச்சல்குளம் இருக்கிறது, அதற்கென்று தனி உடுப்பு வேண்டும் என்றார்கள். "கெணத்துல சீலையோட குதிச்சு நீச்சல் படிச்சவ நானு, கப்பல் தொட்டிக்கு எனக்கென்ன தனி உடுப்பு?" என்றாள் சுலோச்சனா. சாப்பாடு எதுவும் கொண்டுவரக் கூடாது என்பது கப்பல்காரர்களின் சட்டம். பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் சாப்பாட்டில் சேராது என்பது அவளுடைய சட்டம்.

எல்லாம் கூடிவந்த பிறகு ஜோசியர் வாயைத் திறந்தார். கிளம்ப வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் வடக்கே சூலம், சென்னையோ வடக்கே இருக்கிறது. போதாததற்கு நல்லமுத்துவுக்கு அன்று சந்திராஷ்டமம். "நாளை மாத்த முடியாதுங்களா?" என்று சுலோச்சனா கேட்டாள்.

"கப்பல் உங்களுக்காவ நிக்குமா? முன்னாடி வர்ற வியாழக்கிழமை நல்லா இருக்குது. பரஸ்தானம் வெச்சிருங்க" என்றார் ஜோசியர்.

பரஸ்தானம் எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. புறப்படும் நாள் சரியில்லை என்றால் அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், பயணத்துக்கு எடுத்துப்போகும் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். வைத்த நேரத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம், அப்புறம் ஆள் எந்தக் கெட்ட நாளில் கிளம்பினாலும் பாதகமில்லை. ஒன்றுதான் கட்டுப்பாடு: வைத்ததைத் திரும்பத் தன் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வைத்த இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். லாரி ஓட்டிய காலத்தில் நல்லமுத்து ஒரு துண்டைக் கொண்டுபோய் அர்த்தநாரி வீட்டுக் கொடியில் போட்டுவிட்டு வருவார், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், ஒரு துண்டு, ஒரு வேட்டி, மிஞ்சினால் ஒரு மஞ்சப்பை. ஒரு துண்டால் தனியாக எவ்வளவு தூரம் போக முடியும்? அது ஆள் வரும்வரை கொடியிலேயே கிடக்கும். சுலோச்சனா துண்டோடு நிறுத்தவில்லை. கட்டி முடித்த பெட்டியைப் பூட்டி, பேர் எழுதிய அட்டையையும் மாட்டி, சக்கரம் கடகடக்கத் தெருவைக் குறுக்கே தாண்டித் தள்ளிக்கொண்டு போய், வசந்தாமணியின் கூடத்தில் அர்த்தநாரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே வெற்றிலை பாக்கு வைத்துச் சூடம் காட்டிவிட்டு வந்தாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று பயணம் நினைத்துக்கொண்டது. அதன் மேல் தப்பில்லை.

அவள் வீடு திரும்பி இரண்டாவது தோசை திருப்புவதற்குள், தெருவே ஒரு நிமிஷம் நின்று கேட்கும்படி கனமாக ஒரு கப்பல் சங்கு ஊதியது. வசந்தாமணி வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, ஊடு ஆடுதுங்கக்கா."

"எப்பிடி ஆடுது?" என்று சுலோச்சனா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"மெதுவாத்தான். இக்கட்டால ஒருக்கா, அக்கட்டால ஒருக்கா."

"அடுப்புல என்ன வெச்சிருக்கற?"

"பாலு. அது நவுந்து போயிச் செவுத்தோரம் நிக்குதுங்கக்கா."

வெளியே நின்று பார்த்தால் அந்த வீடு மற்ற வீடுகளைப் போல அசையாமல்தான் நின்றது, சுவரில் ஒரு கீறல் இல்லை, மாடியில் காயப்போட்ட புளிகூட உருளவில்லை. வாசற்படியைத் தாண்டி உள்ளே காலை வைத்தால்தான் தரை ஏறி இறங்கியது, உப்புக்காற்று மூக்கில் ஏறியது, சிமெண்டுத் தரைக்கு அடியில் வெகு ஆழத்தில் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, கடல்தான் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தோம்.

தெருவுக்கு இதைப் பழக ரொம்ப நாள் தேவைப்படவில்லை. பாத்திரங்களைக் கொடிக்கயிற்றால் கட்டிவைக்க லாரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சரக்குக் கட்டத் தெரிந்தவர்களுக்குச் சாம்பார்ச் சட்டி எம்மாத்திரம். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் முதலில் உள்ளே வர மாட்டேன் என்றார், பிறகு அலை இறங்கும்போது உருட்டிவிட்டால் அது தானாகவே அடுப்படிக்குப் போகிறது என்று கண்டுபிடித்து, மற்ற வீடுகளுக்கும் இந்த வசதி வந்தால் தேவலை என்றார். புழக்கடைச் சுவரில் பூத்த உப்பைச் சுரண்டி நாலு வீட்டுக்காரர்கள் ரசத்துக்குப் போட்டார்கள், கொஞ்சம் கரிப்பு அதிகம் என்றாலும் குறை சொல்லவில்லை. கவுன்சிலர் வந்தார், இந்தத் தண்ணீரைக் குடிக்க முடியுமா என்று கேட்டார், முடியாது என்றதும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சங்கு ஊதும். எங்கள் பெண்கள் அதைக் கேட்டு உலை வைத்தார்கள்.

நல்லமுத்து தினமும் காலையில் கப்பலில் நடந்து பழக அந்த வீட்டுக்கு வந்தார். முதல் நாள் வாந்தி எடுத்தார், மறுநாள் எடுக்கவில்லை, அடுத்த நாள் கையில் டீ டம்ளரோடு ஒரு சொட்டுச் சிந்தாமல் கூடத்தைச் சுற்றினார். சுலோச்சனா கோட்டையும் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னாள். வசந்தாமணி சிரித்தாள், அவள் சிரித்து நாங்கள் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

அவள் சிரித்ததற்குக் காரணம் கோட்டு மட்டுமல்ல. கடல் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை விடிந்தபோது தெருவில் எல்லோருக்கும் ஏதோ குறைந்தது. பல் விளக்கிக்கொண்டே யோசித்து, கடைசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, கட்டில் தட்டும் சத்தம் இல்லை. என்னவோ ஏதோ என்று ஓடினோம். வசந்தாமணி வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது, பால் பாக்கெட் வாசலிலேயே இருந்தது, உள்ளே அர்த்தநாரி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். தரை அவரை ஏற்றி இறக்கியது. ஓடுகிற வண்டி கிடைத்துவிட்டது அந்த மனுசனுக்கு. கீழே வெறும் பாயில், பெட்டியின் சக்கரத்தைக் கையால் பிடித்தபடியே வசந்தாமணியும் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தும் எழுந்திருக்கவில்லை. சுலோச்சனா சேலைத் தலைப்பால் ஜன்னலை மறைத்துவிட்டு வெளியே வந்து எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அன்று முழுக்க நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம், தெருவுக்குள் வந்த லாரிகளை முனையிலேயே நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டாம் என்று சொன்னோம்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்தாள், பூ வாங்கினாள், மத்தியானத்தில் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். எங்களுக்கு அவளைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம், பின்னாலேயே ஒரு பயம். பெட்டி போனால் கடலும் அதன்கூடவே போய்விடும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலில் சொன்னது நல்லமுத்துதான். ஞாயிற்றுக்கிழமை அர்த்தநாரி தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, "பெட்டிய அங்கயே உட்டுட்டு, வேற பையில துணியப் போட்டுக்கிட்டுப் போயிரலாம் புள்ள" என்றார். சுலோச்சனா ஜோசியரிடம் ஓடினாள். பெட்டி எங்கே இருக்கிறதோ பயணமும் அங்கேதான் இருக்கும், நீங்கள் வெறுங்கையோடு ஏறினால் அது மிதக்கிற லாட்ஜ், அவ்வளவுதான், கடல் உங்களுக்குத் தெரியாது என்று அவர் கையை விரித்தார். அவள் திரும்பி வரும்போது முகம் செத்துப்போயிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தது அந்தக் கடலுக்காக. புருஷன் மதிலைத் தாண்டி நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை, அதற்கு மேல் அவள் வாழ்க்கையில் எதுவும் கேட்டதில்லை. இருந்தும் தெருவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "நாங்க போகலீங்க, சுகந்திகிட்டச் சொல்லிக்கறேன்" என்றாள்.

வசந்தாமணி தன் வாசலிலிருந்து இறங்கி வந்தாள். ரெண்டு பேருக்கும் இடையில் ஓரியாட்டம், சண்டை என்று எதுவும் நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"போகலீன்னா என்ன அர்த்தம்? பொறவு என்ற மூஞ்சில முழிக்க வேண்டாம்" என்றாள்.

"தம்பி தூங்கறாருடி. இத்தன வருசத்துக்கு அப்பறம் தூங்கறாரு."

"தூங்குனாரு. போதும். அண்ணன் முப்பது வருசமா மதிலு வரைக்கும் போயிட்டு வந்த மனுசன். இவரும் அதே மதிலத்தான் பாத்துட்டு வந்தாரு. ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் அந்தப் பக்கம் போயிப் பாக்கோணும். இவருக்குப் பேச்சு இருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு."

சுலோச்சனா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாடகைக் கார் வந்தது. பெட்டியை எடுக்க நல்லமுத்துவுக்குக் கை வரவில்லை. வசந்தாமணியே அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கரம் வாசற்படியைத் தாண்டியதும் உள்ளே உருண்டுகொண்டிருந்த ஒரு டம்ளர் சட்டென்று நின்றது, உப்புக்காற்று நின்றது, தரை தரையாகிவிட்டது. கட்டிலில் அர்த்தநாரி கண்ணைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தோம்.

பெட்டி டிக்கியில் ஏறியது. நல்லமுத்து முன்சீட்டில் ஏறினார். சுலோச்சனா ஒரு காலைக் காருக்குள் வைத்தவள், அப்படியே இறங்கித் திரும்பி வந்தாள்.

"வசந்தா, உன்ற சீலை ஒண்ணும் தம்பி வேட்டி ஒண்ணும் எடு."

"என்னத்துக்குங்கக்கா?"

"கப்பல்ல எங்க ரூம்பு அடுத்தவங்க ஊடுதான உனக்கு? அங்க கொண்டுபோயி வெக்கறேன். பரஸ்தானம்."

வசந்தாமணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாங்க எங்கீங்கக்கா போறோம்?" என்றாள் மெதுவாக.

"அத நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிக்கங்க. நான் வெக்க மட்டுந்தான் செய்வேன்." சொல்லிவிட்டு அவளே உள்ளே போனாள், போன பிறகுதான் அவளுக்குத் தன் குணம் ஞாபகம் வந்தது. "ஒரு சீலை பத்தாது. துண்டு வெச்சா கொடியிலயேதான் கெடக்கும். எல்லாத்தையும் எடு. சீப்பு, தலகாணி, அவரு கம்பளி, அந்தக் காக்கிச் சட்டை, ஒண்ணு உடாம எடு. அரைகுறையா வெச்சா ஆகாது."

அர்த்தநாரி லாரியில் போட்டுக்கொண்ட காக்கிச் சட்டை பீரோவின் அடியில் நாப்தலின் வாசனையோடு மடித்துக் கிடந்தது. அதை எடுக்கும்போது வசந்தாமணி ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொண்டாள். தெருவில் இருந்த நாங்கள் எல்லோரும் கை கொடுத்தோம், மஞ்சப்பைகள் நிறைந்தன, ஒரு சாக்கும் நிறைந்தது, கார்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே மேலே கட்டினார். சூலம் பார்த்த திசையில் கார் போய் மறைந்தது.

அன்று கட்டில் மறுபடியும் தட்டியது. மறுநாள் பகலிலும் தட்டியது. சீப்பில்லாமல் வசந்தாமணியின் தலை கலைந்து கிடந்தது, மாற்றிக் கட்டச் சேலை இல்லாமல் அதே சேலையோடு அவள் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். வேறொருத்தி என்றால் வருந்தியிருப்பாள். இவள் வாசலில் பார்க்கும்போதெல்லாம், "கப்பல் இன்னிக்குப் பொழுதோடதான கெளம்புது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரம் போன் வந்தது. அவள் வாசற்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வசந்தா, கட்டலுக்குப் பக்கத்துல வெச்சாச்சு, வெத்தலையும் வெச்சாச்சு" என்றது சுலோச்சனாவின் குரல். பின்னால் காற்று இரைந்தது. "உங்க அண்ணன் மேல் தட்டுல கம்பியப் புடிச்சுட்டு நிக்கறாரு. மதிலு அந்தப் பக்கம் இத்துனூண்டு தெரியுது. அழுதுட்டே நிக்கறாரு. அர்த்தநாரிகிட்டச் சொல்லுன்னாரு. பெருசா இருக்குதாம், சொல்லச் சொன்னாரு."

"சொல்லீர்றனுங்கக்கா."

"சங்கு ஊதப் போறாங்க. வாசப்படியிலயே நிக்காத, உள்ள போ."

போனுக்குள் சங்கு ஊதியது. அது முடிவதற்குள் அதே சங்கு வசந்தாமணியின் வீட்டுக்குள்ளிருந்தும் ஊதியது, வியாழக்கிழமை ஊதியதைவிட நீளமாக, விடைபெறுகிற சங்காக. உள்ளே ஒரு டம்ளர் மெதுவாக நகர்ந்து சுவரில் போய் இடித்தது. உப்புக்காற்று வாசலைத் தாண்டி வந்து எங்கள் முகத்தில் அடித்தது. கட்டில் தட்டும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, ஒரு தட்டு, அப்புறம் ஒரு தட்டு, அப்புறம் நின்றுவிட்டது.

வசந்தாமணி ஒரு காலை உள்ளே வைத்தாள், அது தரையோடு சேர்ந்து மேலே போனது. கதவைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் அவள் வாய், "நல்லபடியா..." என்று தொடங்கிவிட்டு, அப்படியே நின்றது. ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் சொல்வது எது, இருக்கிறவர்கள் சொல்வது எது என்று அவளுக்கு ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது. தலையைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"போயிட்டு வர்றனுங்க" என்றாள். உள்ளே கட்டிலைப் பார்த்தாள், திருத்திச் சொன்னாள். "போயிட்டு வர்றோமுங்க."

நாங்கள் எல்லோரும் கையை ஆட்டினோம்.

"நல்லபடியா போயிட்டு வாங்க, நாங்க இங்கதான இருக்கறோம்" என்றோம்.